சிங்கப்பூரில் மாநாடா? அறை போடும் முன் அரங்கின் பெயரைப் பாருங்கள்

சிங்கப்பூர் மாநாட்டுக்கு அழைப்பு வந்ததும் நம்மில் பலர் முதல் வேலையாக லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சிராங்கூன் சாலைப் பக்கம் அறை தேடுகிறோம். காலையில் இட்லி, இரவில் சோறு, சுற்றிலும் தமிழ்ப் பேச்சு என்று அதற்குக் காரணங்கள் உண்டு, நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த அறை உங்களுக்கு வசதியா, தொல்லையா என்பது அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் அரங்கின் பெயரைப் பொறுத்தது. தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரு முனையில் அறையும் மறுமுனையில் அரங்கும் அமைந்துவிட்டால், மூன்று நாள் மாநாட்டில் ஒவ்வொரு காலையும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் கரையும், முதல் அமர்வு கையைவிட்டுப் போகும். ஆகவே அரங்கிலிருந்து தொடங்குவோம்.

பெரிய பன்னாட்டு மாநாடுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கின்றன. சன்டெக் மாநாட்டு மையம், மரினா பே சாண்ட்ஸ், சிங்கப்பூர் எக்ஸ்போ. ஆய்வாளர் கூட்டங்கள் என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சிங்கப்பூர் எக்ஸ்போ" வேறு, "சாங்கி கண்காட்சி மையம்" வேறு. இரண்டும் தீவின் கிழக்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பெயர் குழப்பம் எளிதில் வருகிறது. எக்ஸ்போவுக்கு வாசலிலேயே ரயில் நிலையம் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை விமானக் கண்காட்சி நடக்கும் சாங்கி கண்காட்சி மையத்துக்கு ரயிலே கிடையாது, ஏற்பாட்டாளர்கள் விடும் பேருந்தையோ டாக்சியையோ நம்பித்தான் போக வேண்டும். டாக்சி ஓட்டுநரிடம் "சாங்கி எக்ஸ்போ" என்று கலந்து சொல்லாதீர்கள். அரங்கின் முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

சன்டெக்

சன்டெக்கில் வழி தவறாதவர் குறைவு. ஐந்து கோபுரங்கள், நடுவே ஒரு பெரிய நீரூற்று, அதைச் சுற்றிக் கடைத்தொகுதி, அதோடு ஒட்டிய மாநாட்டு மையம் என்று எல்லாமே சன்டெக் என்ற ஒரே பெயரில் இருப்பதுதான் சிக்கல். கோபுர எண்கள் அலுவலகங்களுக்கானவை, அவற்றைப் பின்தொடர்ந்தால் நீரூற்றையே சுற்றிச் சுற்றி வருவீர்கள். பலகைகளில் மாநாட்டு மையம் என்று காட்டும் அம்புக்குறியை மட்டும் பாருங்கள். முகவரி 1, ராஃபிள்ஸ் பூலவார்டு. சந்திப்பு அறைகள் மூன்றாம் தளத்தில், பெரிய அரங்குகள் நான்காம், ஆறாம் தளங்களில். அறை எண்ணின் முதல் இலக்கமே தளத்தைச் சொல்லிவிடும்.

ரயிலில் வருவோருக்கு எஸ்பிளனேட் நிலையம், வாயில் ஏ, அங்கிருந்து மூன்று நிமிட நடை. புரோமனாட் நிலையத்தில் இறங்கினால் கடைத்தொகுதியைக் கடந்து வர வேண்டும், புதியவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். சிட்டி ஹால் நிலையத்திலிருந்து நிலத்தடிக் கடைவீதி வழியாகவும் நடக்கலாம். மழை கொட்டும்போது ஒரு துளி படாமல் வந்து சேர அதுதான் வழி.

சன்டெக் மாநாடு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விழுந்தால், அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். பந்தயப் பாதை மரினா பே வட்டாரச் சாலைகளிலேயே ஓடுகிறது. சாலைகள் மூடப்படும், டாக்சி சுற்றிப் போகும், அறை வாடகை பல மடங்கு ஏறும். அந்த வாரத்தில் ரயிலைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

மரினா பே சாண்ட்ஸ்

நிலையம் பேஃபிரன்ட். ரயிலிலிருந்து இறங்கி நிலத்தடியிலேயே கடைத்தொகுதிக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் மாநாட்டு மையம் அந்த நீண்ட கடைத்தொகுதியின் ஒரு முனையில் இருக்கிறது, ஹோட்டல் கோபுரங்கள் சாலையின் மறுபக்கம். "ஹோட்டலில்தானே மாநாடு" என்று எண்ணிக் கோபுரத்து வரவேற்பறைக்குப் போய் நிற்பவர்கள் நிறைய. நேரே மாநாட்டு மையத்துக்கு வாருங்கள்.

இங்குள்ள அறைகளுக்குப் பெரும்பாலும் பூக்களின் பெயர்கள். அதில் தமிழர்களுக்குச் சுவையான ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் தளத்தில் ஜாஸ்மின், நான்காம் தளத்தில் மெலாத்தி. மெலாத்தி என்பது மலாய் மொழியில் மல்லிகை. ஆக, மேலே ஒரு மல்லிகை, கீழே ஒரு மல்லிகை! நிகழ்ச்சி நிரலில் அறையின் பெயரோடு தளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போ

விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தம். மாநாடு எக்ஸ்போவில் மட்டும் என்றால், நகருக்குள் போகவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் பக்கத்திலேயே தங்கலாம். எதிரே சாங்கி சிட்டி பாயின்ட் கடைத்தொகுதியும் அதை ஒட்டிச் சில ஹோட்டல்களும் இருக்கின்றன. பத்துக் கண்காட்சி மண்டபங்கள், கூடவே மேக்ஸ் ஏட்ரியா என்ற மாநாட்டுப் பகுதி. மண்டபங்கள் பிரம்மாண்டமானவை, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நல்ல நடை இருக்கும். உங்கள் அமர்வு எந்த மண்டபத்தில் என்று முன்னரே பார்த்து, ரயில் நேரத்தோடு பத்து நிமிடத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எக்ஸ்போவுக்குப் போகிறவர் லிட்டில் இந்தியாவில் அறை எடுக்கலாமா? எடுக்கலாம், ஒரு விஷயம் தெரிந்திருந்தால். எக்ஸ்போவும் லிட்டில் இந்தியாவும் ஒரே நீலத் தடத்தில், டவுன்டவுன் தடத்தில், இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்து, மாற வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்று ஏறிவிடுவோம். அங்கேதான் பிழை. அந்தத் தடம் கிழக்கிலிருந்து வந்து ஜாலான் புசார் நிலையத்தைத் தொட்டதும் தெற்கே இறங்கி, சைனாடவுன், பேஃபிரன்ட், புரோமனாட், பூகிஸ் என்று ஒரு பெரிய வளையம் போட்டுவிட்டுத்தான் ரோச்சோர், லிட்டில் இந்தியா நிலையங்களுக்கு வருகிறது. எக்ஸ்போவிலிருந்து ஜாலான் புசார் 13ஆவது நிறுத்தம், லிட்டில் இந்தியா 23ஆவது. ஆனால் ஜாலான் புசாரில் இறங்கினால் சிராங்கூன் சாலை பத்து நிமிட நடைதான். நடுவில் உள்ள பத்து நிறுத்தங்களும் வீண் சுற்று. எக்ஸ்போ மாநாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் தங்குவோர் ஜாலான் புசார் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுக்க வேண்டும். முஸ்தஃபா கடைத்தொகுதிப் பக்கமோ ஃபேரர் பார்க் பக்கமோ எடுத்தால் அந்த நன்மை குறைந்துவிடும்.

சன்டெக், மரினா பே சாண்ட்ஸ் போவோருக்கு இதே வட்டாரம் மிக நன்று. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் புரோமனாட் மூன்றாவது நிறுத்தம், பேஃபிரன்ட் நான்காவது. தேசியப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் அதே நீலத் தடத்தில் எதிர்த்திசையில் மூன்று நிறுத்தம் போய், பொட்டானிக் கார்டன்ஸில் வட்டத் தடத்துக்கு மாறி, ஐந்தாவது நிறுத்தமான கென்ட் ரிட்ஜில் இறங்கலாம். வளாகத்துக்குள் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பேருந்து ஓடுகிறது. நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சிராங்கூன் சாலை வேண்டாம். பயனியர் அல்லது பூன் லே நிலையம் வரை ரயிலில் போய், அங்கிருந்து 179ஆம் எண் பேருந்து பிடிக்க வேண்டும். ஒருவழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். வளாக விருந்தினர் விடுதியில் இடம் தருகிறார்கள் என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜூரோங் ஈஸ்ட் வட்டாரத்தில் தேடுங்கள்.

அறை போடும்போது இன்னொன்று. இங்கு மலிவான ஹோட்டல்களில் சன்னலே இல்லாத அறைகள் சாதாரணம். முன்பதிவுத் தளத்தில் சிறிய எழுத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கும். இரண்டு பேர் நான்கு இரவு தங்குவதாக இருந்தால் அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள். சென்னை, திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் கிளம்புவோர் விடியற்காலையில் வந்து இறங்குவார்கள், ஆனால் அறை கிடைப்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கே கட்டுரை வாசிக்க வேண்டியவர்கள் முந்தின நாளே வந்துவிடுவது நல்லது.

விசாவும் வருகை அட்டையும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டுகளுக்குக் குறுகிய வருகைக்கு விசா வேண்டாம். ஆனால் மூவருக்குமே வருகை அட்டை கட்டாயம்.

இந்தியர்கள் அங்கீகாரம் பெற்ற விசா முகவர் வழியாக விண்ணப்பிப்பதே வழக்கம். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பக் கிடைக்காது. முகவரின் கூலி தனி. படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, மாநாட்டு அழைப்புக் கடிதம், பயணச்சீட்டு, தங்குமிட விவரம் ஆகியவை வேண்டும். பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், எனவே மூன்று மாதம் முன்பே முகவரிடம் ஓடிப் பயனில்லை. கடைசி வாரம்வரை காத்திருப்பதும் ஆபத்து. மூன்று, நான்கு வாரம் முன்பு கொடுப்பது சரியாக இருக்கும்.

தமிழர்களுக்கு அடிக்கடி சறுக்கும் இடம் பெயர். மாநாட்டுப் பதிவில் "இரா. குமரன்" போல முதலெழுத்தோடு எழுதுவோம், கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும். அழைப்புக் கடிதம், விசா, பயணச்சீட்டு, வருகை அட்டை நான்கிலும் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துகள், அதே வரிசையில் இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் பெயரட்டையில் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அழைப்புக் கடிதத்தைக் கடவுச்சீட்டுப் பெயரில் தரும்படி ஏற்பாட்டாளர்களிடம் முதலிலேயே கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், விசா செல்லுபடியாகும் காலமும் தங்க அனுமதிக்கப்படும் காலமும். விசாவில் நீண்ட காலத் தேதி அச்சிட்டிருந்தாலும் அது உள்ளே நுழைவதற்கான தேதி மட்டும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பது வந்து இறங்கும்போது முடிவாகி, மின்னஞ்சலில் வரும். இப்போது பெரும்பாலும் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை, தானியங்கி வாயில் வழியாகவே வெளியே வரலாம். ஆகவே அந்த மின்னஞ்சலைத் திறந்து தேதியைப் பாருங்கள். மாநாடு முடிந்து ஊர் சுற்றத் திட்டமிடுவோருக்கு இது முக்கியம்.

வருகை அட்டையை, வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ நிரப்ப வேண்டும். இலவசம். தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பேச வருகிறவர்களுக்கு

இதைப் பலர் கவனிப்பதில்லை, ஏற்பாட்டாளர்களும் சில நேரம் மறந்துவிடுகிறார்கள். பார்வையாளராக மாநாட்டில் கலந்துகொள்ள விசாவைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பேச்சாளராக, நெறியாளராக, பயிற்றுநராக வருகிறவர்கள் நிலை வேறு. பொதுவான தொழில்நுட்ப, கல்வி மாநாடு என்றால் வேலை அனுமதி தேவையில்லை, ஆனால் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய பிறகு, பேசுவதற்கு முன், மனிதவள அமைச்சின் தளத்தில் மின் அறிவிப்பு செய்ய வேண்டும். சில நிமிட வேலை.

கூட்டத்தின் பொருள் சமயம், இனம், சமூகம், அரசியல் நோக்கம் ஆகியவற்றைத் தொடுவதாக இருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. பலவகை வேலை அனுமதி என்று தனி அனுமதி வாங்க வேண்டும், அதை உள்ளூர் ஏற்பாட்டாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ், சைவம், இசுலாம், சமூக வரலாறு என்று பேச வருகிறவர்கள் "நம்முடையது ஆய்வுக் கட்டுரைதானே" என்று தாமே முடிவுசெய்துவிடாமல், எந்த வகையில் தங்களை அழைக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு கேட்டால் எல்லாருக்கும் நேரம் இருக்கும்.

பெட்டியில் எதை எடுக்கக்கூடாது

மின்சிகரெட் முற்றிலும் தடை, வைத்திருப்பதே குற்றம். மெல்லும் புகையிலை, குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் தடை, பழக்கமுள்ளவர்கள் ஒரு பொட்டலம்கூட வைத்துக்கொள்ளக்கூடாது. சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது. ஒற்றைச் சிகரெட் என்றாலும் சுங்கச் சோதனையின் சிவப்புத் தடத்தில் போய் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங்கம் வேண்டாம். வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள், இங்கு அது தடைசெய்யப்பட்ட பொருள். இறைச்சி சேர்ந்த எதையும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டாம்.

மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாத அளவுவரை, மருத்துவர் சீட்டோடு கொண்டுவரலாம். ஆனால் டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து, அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். வருவதற்குக் குறைந்தது பத்து வேலைநாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாக எழுதித்தரும் மாத்திரைகள் என்பதால் இவற்றைக் கட்டுப்பாடுள்ள மருந்தாக யாரும் நினைப்பதில்லை. மாத்திரை அட்டையில் உள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள்.

எடுத்துவர வேண்டியவை இரண்டு. மின்சாரம் 230 வோல்ட் என்பதால் கருவிகளுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் செருகுவாய் மூன்று செவ்வகக் கம்பி வகை. நம் உருண்டைக் கம்பிச் செருகி பொருந்தாது, மாற்றி வேண்டும். இரண்டாவது, ஒரு கம்பளிச் சட்டை. வெளியே 32 பாகை, உள்ளே உறைய வைக்கும் குளிர். மாநாட்டு அரங்குகளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால்தான் அதன் அருமை தெரியும்.

ரயில் அட்டை

தனியாக அட்டை வாங்காமல், தொடாமலே பணம் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை நேரே வாயிலில் தட்டிப் போகலாம். வெளிநாட்டு அட்டை என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். சில நாள் வருவோருக்கு இது போதும். பத்து நாள் அளவில் தங்குவோர் 10 வெள்ளிக்கு ஈசி-லிங்க் அட்டை வாங்கிவிடலாம். அதில் 5 வெள்ளி அட்டை விலை, 5 வெள்ளி பயணத் தொகை.

இந்திய வங்கி அட்டை வாயிலில் வேலை செய்யாமல் போவதற்கு ஒரே காரணம்தான் பெரும்பாலும். ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்தும் வசதியும் அட்டைதாரர் இயக்கினால்தான் இயங்கும். ஊரிலேயே வங்கிச் செயலியில் இரண்டையும் தனித்தனியாக இயக்கிவிட்டு வாருங்கள். இங்கு வந்து இயக்க வேண்டுமானால் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) உங்கள் ஊர்க் கைப்பேசி எண்ணுக்கு வரும், அதற்கு ரோமிங் வேண்டும். உள்ளே போகும்போது அட்டையையும் வெளியே வரும்போது அதே அட்டையை ஏற்றிய கைப்பேசியையும் தட்டாதீர்கள். இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள், இரண்டிலும் முழுமையடையாத பயணமாகக் கட்டணம் விழும். பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் கடைசி நிறுத்தம்வரைக்கான கட்டணம் போகும். பேருந்து நிறுத்தத்தில் சும்மா நின்றால் வண்டி நிற்காமல் போய்விடும், கை காட்டுங்கள்.

விமான நிலையத்தில் ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதல் முனையத்தில் இறங்கினால் முனையங்களை இணைக்கும் ஸ்கைடிரெய்னிலோ ஜுவல் கடைத்தொகுதி வழியாக நடந்தோ வரலாம், நான்காம் முனையத்திலிருந்து இலவசப் பேருந்து உண்டு. விமான நிலைய ரயில் தானா மேராவோடு முடிந்துவிடும், அங்கே இறங்கி நகருக்குப் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். நகருக்கு ஏறத்தாழ 2 வெள்ளி. பெரிய பெட்டியோடு லிட்டில் இந்தியா போகிறவர்கள் எக்ஸ்போவிலேயே நீலத் தடத்துக்கு மாறி, ஜாலான் புசாரில் இறங்கி நடப்பதும் ஒரு வழி. பூகிஸில் மாறும் நீண்ட நடை மிச்சம். நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். நள்ளிரவு முதல் காலை 6 மணிக்குள் டாக்சியில் மீட்டர் தொகைக்கு மேல் பாதி கூடும், விமான நிலையக் கட்டணம் தனி.

சாப்பாடு

மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் உணவு பற்றிய கேள்வியை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். "சைவம்" என்று மட்டும் குறித்தால் முட்டை சேர்ந்த உணவு வரலாம், சீனச் சைவம் என்றால் இறைச்சி போலவே செய்த சோயா உணவு வரலாம். இந்தியச் சைவம், முட்டை கூடாது என்று எழுதிவிடுங்கள். ஹலால் வேண்டுவோரும் அப்படியே. வெளியில் சாப்பிடும்போது முயிஸ் எனப்படும் இசுலாமிய சமய மன்றத்தின் சான்றிதழைக் கடை முகப்பில் பார்க்கலாம்.

அரங்குகளின் உள்ளே சாப்பாடு விலை அதிகம். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், முதலில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. 100 வெள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டது 119 வெள்ளி 90 காசாக வரும். உணவங்காடி நிலையங்களில் இந்த இரண்டும் மேலே ஏறாது. லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் 5 முதல் 8 வெள்ளிக்குள் ஒரு வேளைச் சாப்பாடு முடியும். சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடையும் வெளிநாட்டு அட்டை வாங்காது. மேசை மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் ஆள் பிடித்தது. சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம்.

தேநீர் கேட்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் மடக்கிலேயே இனிப்பு தொண்டையை அடைக்கும். வெறுமனே "தே" என்றால் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய தேநீர். "தே சி" என்றால் இனிப்பில்லாப் பாலும் சர்க்கரையும். "தே ஓ" பால் இல்லாதது. எதனோடும் "கோசோங்" என்று சேர்த்தால் சர்க்கரை இல்லை. நம் வீட்டுத் தேநீருக்கு நெருக்கமாக, சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றால் "தே சி கோசோங்". காப்பிக்கும் இதே கணக்கு, "தே" இருக்கும் இடத்தில் "கோப்பி".

சுவரொட்டி கொண்டுவருவோர்

ஆய்வுச் சுவரொட்டிக்குப் பெரும்பாலும் ஏ-ஜீரோ அளவு கேட்பார்கள், 841க்கு 1189 மில்லிமீட்டர். நெட்டுவாக்கா, படுக்கைவாக்கா என்று ஏற்பாட்டாளர் குறிப்பில் பாருங்கள், தவறினால் பலகையில் பாதி வெளியே தொங்கும். சுருட்டி வைக்கும் நீள உருளையை மலிவு விமானங்களில் தனிக் கைப்பையாகக் கணக்கிட்டுப் பணம் கேட்கலாம். துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், சுருக்கம் விழுந்தாலும் ஹோட்டல் இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் பின்பக்கம் தேய்த்தால் போதும். இங்கு வந்து அச்சிட வேண்டுமானால் பென்கூலன் தெருவில் சன்ஷைன் பிளாசா, பக்கத்தில் பிராஸ் பாசா கட்டடம் ஆகிய இரண்டிலும் அச்சுக்கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் தங்குவோர் நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், திங்கள் காலை அமர்வுக்கு ஞாயிறு மாலை அச்சிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஞாயிறு மாலை என்றதும் இன்னொன்று. அன்று லிட்டில் இந்தியா வெளிநாட்டுத் தொழிலாளர்களால் நிரம்பி வழியும். சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காது, பணமாற்றுக் கடைகளில் வரிசை நிற்கும். இந்த வேலைகளைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணிவரை இந்த வட்டாரத்தில் பொது இடத்தில் மது அருந்தத் தடையும் உண்டு.

உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்சுக்கு 995, காவல்துறைக்கு 999. வெளிநாட்டவருக்கு மருத்துவச் செலவு மிக அதிகம், பயணக் காப்பீடு இல்லாமல் வரவே வேண்டாம்.

கிளம்பும் நாள்

கடைசி நாள் அமர்வுக்குப் பெட்டியோடு வருவோருக்கு எக்ஸ்போதான் மிக வசதி, ஒரே நிறுத்தத்தில் விமான நிலையம். மற்ற அரங்குகளில் பெட்டி வைக்க இடம் உண்டா என்று பதிவு மேசையில் முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு மாலையில் எடுக்கலாம். நகரிலிருந்து விமான நிலையம் போகும்போது பச்சைத் தடத்தில் பாசிர் ரிஸ் போகும் ரயிலில் ஏறி, தானா மேராவில் மறக்காமல் இறங்குங்கள். தூங்கிவிட்டால் ரயில் உங்களைப் பாசிர் ரிஸில் கொண்டுபோய் விடும்.

100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால், வாங்கும்போதே கடையில் கடவுச்சீட்டைக் காட்டியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் வரித் திருப்ப இயந்திரம் பொருளைச் சோதனைக்குக் காட்டச் சொல்லலாம் என்பதால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் அதை முடியுங்கள். முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கும். உள்ளே வாங்கிய தண்ணீர்ப் புட்டியும் அங்கே போய்விடும், எனவே வாயிலுக்குள் நுழையும் முன் குடித்துவிட்டுக் காலிப் புட்டியோடு போங்கள்.